வடாம் காவல்

மொட்டை மாடியில் வடாம் காயப்போட்ட செண்பகம், காக்கை கொத்தாமலிருக்க நாய் கரியனைத் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கட்டிவிட்டுக் கீழே போய்விட்டாள். காலையில் தொட்டியின் நிழலாவது இருந்தது. உச்சி வெயிலில் அதுவும் போயிற்று. சட்டித் தண்ணீர் எப்போதோ தீர்ந்துவிட்டது. தரை தோசைக்கல்லாய்ச் சுட, அந்த நாய் கால் மாற்றி மாற்றி நின்றது. நாக்கு வெளியே தொங்கியது. கண் இருட்டிக்கொண்டு வந்தது.

கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த காக்கைக்குப் பொறுக்கவில்லை.

"குரைச்சுத் தொலையேண்டா! அந்தம்மா வந்து அவுத்து விடுவாங்க."

"வடாமை யாராவது தொட்டாத்தான் குரைப்பேன். சும்மா குரைச்சா என் பேரு என்னாகும்?"

"செத்துப்போனா அந்தப் பேரை வச்சு என்ன பண்ணுவே?"

"காவல்காரன்கிட்டே வாயாடாதே, போ!"

சொல்லும்போதே கரியனின் முன்னங்கால்கள் மடங்கின. வயிறு தரையில் பட்டுச் சுரீரென்றது. எழப் பார்த்தது, முடியவில்லை.

காக்கை நேரே இறங்கி ஒரு வடாமைக் கவ்வியது.

கரியன் மிச்சமிருந்த உயிரையெல்லாம் திரட்டிக் குரைத்தது.

செண்பகம் வெறுங்காலோடு ஓடி வந்தாள். மாடித் தரையில் கால் வைத்ததும் "ஐயோ!" என்று துள்ளினாள். அப்புறம்தான் நாயைப் பார்த்தாள். வடாமை மறந்தாள். கட்டை அவிழ்த்து, அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

தோளில் கிடந்தபடியே கரியன் காக்கையைப் பார்த்து உறுமியது:

"திருட்டுப் பயலே! உன்னாலதான்டா என் பேரு கெட்டுது!"