நாலாவது ஷவர்

"ஏன்னா, இதுவும் சொட்டுச் சொட்டாத்தான் விழறது!" குளியலறைக் குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு விசாலாக்ஷி அலுத்துக்கொண்டாள்.

குளியலறை வாசலில் நின்ற அவள் கணவர், மயிலாப்பூர் வக்கீல் அனந்தராமன், இந்த மாதத்தில் வாங்கிய மூன்றாவது ஷவர் அது. மாட்டிவிட்டு ஏணியில் நின்றிருந்தார் குழாய் வேலை செய்யும் மெஹபூப் பாஷா.

"ஷவரை மாத்தி என்ன பிரயோஜனம்? தரையைத் தோண்டிக் குழாயைப் பாருங்கோ" என்றாள் விசாலாக்ஷி கணவரிடம்.

பாஷா ஏணியிலிருந்தே தரையைப் பார்த்தார். கோடையில் பின் சந்துக் கிணறு வற்றியபோது, இந்த வீட்டுக் குழாயிலிருந்து மண்ணுக்கடியில் ஒரு கிளை இழுத்துச் சந்தில் விட்டவர் அவர்தான். அவர் மனைவி அமீனா பீ மட்டுமல்ல, அந்தச் சந்தே அதில்தான் குடம் நிரப்பியது.

"தோண்டறது வேணாம்மா. ஓட்டை கம்மியா கீற ஷவரா போட்டா, இருக்கற தண்ணியே வேகமா வரும்."

"தெனம் ஒரு கதை சொல்றே! நாளைக்கே ஆள் வந்து தோண்டட்டும்." விசாலாக்ஷி விறுவிறுவென்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

பாஷா இறங்கினார். நாளைக்குத் தெரிவதை இன்றே சொல்லிவிடுவது மேல்.

"சாமி, நான் ஒரு தப்பு பண்ணிக்கீறேன்..."

"மெதுவாப் பேசுய்யா!" அனந்தராமன் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டார். "மாடியில நின்னா சந்து எனக்குத் தெரியாதா? தோண்டாம இருக்கத்தானே மூணு ஷவர் வாங்கினேன்! அந்த ஓட்டை கம்மியானது எந்தக் கடையில கிடைக்கும்? சீக்கிரம் சொல்லு, அவ வந்துடுவா."