ராஜகுரு கடைக் குட்டி

"ஆணுக்கும் பொருந்தணும், பொண்ணுக்கும் பொருந்தணும். இந்த வட்டாரத்துல எந்த மனுசனுக்கும் இருக்கக் கூடாது. அப்படி ஒரு பேரு சொல்லுங்க பாப்போம்."

அருப்புக்கோட்டை வத்தல் வியாபாரி ராஜகுரு இதையே நாலு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பேர் வேண்டியது பேரனுக்கில்லை, நாய்க்குட்டிக்கு.

குட்டி பரளச்சியிலிருந்து மல்லி மூட்டைகளோடு வண்டியேறி வந்தது. ஆண் குட்டி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். கடையில் இறக்கிப் புரட்டிப் பார்த்தால் பெட்டை.

"ராணின்னு வைங்களேன்" என்றாள் மதியச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி சரஸ்வதி.

"பொட்டை நாய வாங்கிட்டு வந்துட்டான்னு பக்கத்துக் கடை செல்லப்பாண்டி சிரிப்பான்."

"அப்ப ராஜான்னு வைங்க."

"என் பேருல பாதிய நாய்க்குக் குடுக்கச் சொல்றியாக்கும்?"

போன மாதம் தராசு பிடிக்கச் சேர்ந்த கோட்டைச்சாமி, "மோத்தி?" என்றான்.

"இந்தி வேண்டாம்னு பிள்ளைக ஊர்வலம் போயி இன்னும் வருசம் திரும்பல. நாய் மூலமா உள்ள விடச் சொல்றியா?"

"மணி?"

"தெருவுக்கு நாலு மணி கிடக்கு. நம்ம குட்டிக்குன்னு தனியா ஒண்ணு வேணாமா?"

ராஜகுருவின் கவலைக்குக் காரணம் இருந்தது. செல்லப்பாண்டி தன் நாய்க்கு ஆசையாகச் சோலை என்று பேர் வைத்தார். பாலவனத்தத்திலிருந்து வாராவாரம் வத்தல் கொண்டுவரும் சோலையம்மாள் வாசலில் நிற்கிற நேரம் பார்த்து, "சீ சோலை, தள்ளிப் படு!" என்று அதட்டியிருக்கிறார். அன்றோடு அந்த அம்மாளின் வத்தல் ராஜகுரு கடைக்கு மாறிவிட்டது. வத்தலோடு பாடத்தையும் ராஜகுரு சேர்த்தே வாங்கிக்கொண்டார்.

"பேருங்கிறது ஒரு மனுசனோட மானம், கோட்டைச்சாமி. நாயக் கூப்பிடுற வாயால ஒருத்தர் பேரச் சொல்லிறக் கூடாது" என்றவர், அதே மூச்சில் பின்கட்டைப் பார்த்துக் கத்தினார். "ஏலே மூட்டை! மல்லிச் சாக்க வெயில்ல இருந்து இழுத்துப் போடுலே!"

"இந்தா போட்டுட்டேன் மொதலாளி" என்று பின்கட்டிலிருந்து பதில் வந்தது. மூட்டைக்காரருக்கு நாற்பது வயதுக்கு மேலிருக்கும். பதினோரு வருடமாக இந்தக் கடையில் சுமை தூக்குகிறார்.

அந்த நேரத்தில் குட்டி, வண்டி மாட்டுக்கு வைத்திருந்த தவிட்டுத் தொட்டிக்குள் தலையை விட்டது. வெளியே எடுத்தபோது தவிடு எது, மூஞ்சி எது என்று தெரியவில்லை. நிறம் அப்படி.

ராஜகுரு துள்ளி எழுந்தார்.

"தவுடு! தவுடுன்னு வைப்போம்!"

"அது மாட்டுத் தீனியில்ல?" என்றாள் சரஸ்வதி.

"அதனாலதான் சொல்றேன். சாமி பேரில்ல. ஆணுமில்ல, பொண்ணுமில்ல. எந்த மனுசனாவது அப்படிப் பேரு வச்சுக்குவானா? ஏலே கோட்டைச்சாமி, யோசிச்சுச் சொல்லு."

கோட்டைச்சாமி விரல் விட்டு எண்ணினான். திருச்சுழி, காரியாபட்டி, பரளச்சி என்று ஊர் ஊராக மனசுக்குள் போய்த் திரும்பி வந்தான்.

"நம்ம வாடிக்கையில ஒருத்தருக்கும் இல்ல மொதலாளி."

சரஸ்வதி குட்டியின் நெற்றியில் குங்குமம் வைத்தாள். ராஜகுரு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, செல்லப்பாண்டிக்கும் கேட்கட்டும் என்று தொண்டையைத் திறந்தார்.

"ஏ தவுடு! இங்க வா!"

குட்டி காதைச் சொறிந்துகொண்டது.

பின்கட்டில் தொப்பென்று ஒரு மூட்டை விழுந்த சத்தம். மூட்டைக்காரர் ஓடி வந்தார். தலைத்துண்டை அவிழ்த்து வியர்வையைத் துடைத்தபடி நின்றவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"கூப்பிட்டீகளா மொதலாளி?"

ராஜகுரு குட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எம் பேர யாரு சொன்னாக உங்களுக்கு? எனக்கு முன்னால பெறந்தது மூணும் தங்கல. நானாவது நிலைக்கணும்னு, எங்காத்தா பக்கத்து வீட்டுல என்னைய ஒருபடி தவுட்டுக்கு வித்துத் திருப்பி வாங்குனா. அதையே பேராவும் வச்சிட்டா. அவ போன பெறகு அந்தப் பேரச் சொல்ல ஆளில்லாமப் போச்சு. பதினோரு வருசத்துல இன்னைக்குத்தான் மொதலாளி வாய் நிறையக் கூப்பிட்டிருக்கீக."

கோட்டைச்சாமி ஏற்கெனவே துடைத்த தராசுத் தட்டை மறுபடி துடைக்கத் தொடங்கினான். ராஜகுருவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பதினோரு வருடத்தில் ஒரு நாள் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கத் தோன்றவே இல்லை.

"ஒண்ணுமில்ல... தவுடு" என்றார் மெதுவாக. "இந்தக் குட்டிக்கு ஒரு பேரு வைக்கணும். உன்னையக் கேக்கலாம்னுதான் கூப்பிட்டேன்."

தன்னிடம் முதலாளி யோசனை கேட்கிறார் என்பதால், அவர் குட்டியை முன்னும் பின்னும் பொறுப்பாகப் பார்த்தார்.

"ராஜான்னு வைங்க மொதலாளி. கம்பீரமா இருக்கும்."

சரஸ்வதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி தவுடு, அப்படியே வச்சிருவோம்" என்றார் ராஜகுரு.