சந்தைக்கு வந்த வெளிச்சம்

மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் வழக்கத்தை ஒழித்தவர் சங்கச் செயலாளர் பகலவன். “எல்லாரும் சமம்! இனி எல்லாம் வெளிச்சத்துல!” என்று அவர் முழங்க, தரகர் மாரப்பனும் கைதட்டினார். துண்டை மட்டும் தோளிலிருந்து இறக்கவில்லை.

ஆறாம் வாரம், மகள் கல்யாணச் செலவுக்காகப் பகலவனே தன் காளையை ஓட்டி வந்தார். ஊர்ப் பண்ணையார் எல்லாரும் பார்க்க, அடிமாட்டு விலையாக மூன்று விரலைக் காட்டினார். அவரை மிஞ்சி நாலாவது விரலை நீட்டிப் பகை தேட எவனுக்குப் பைத்தியம்?

“என்னங்க செயலாளரே, வெளிச்சம் போதுங்களா?” என்றார் மாரப்பன்.

பகலவன் வானத்தைப் பார்த்தபடி கையை நீட்டினார்.

“வெயிலுக்குத்தானுங்க” என்று சந்தைக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, மாரப்பன் அந்தக் கைமேல் துண்டைப் போர்த்தினார்.