வெள்ளிக்கிழமை சீஸ்

எஸ்தர் சேச்சி அடுத்த வாரம் மட்டாஞ்சேரி வீட்டைப் பூட்டிவிட்டு, பம்பாய் போய் விமானமேறி இஸ்ரேலுக்கே குடிபோகிறாள். வெள்ளிக்கிழமை தவறாமல் பால்காரி மாயம்மாள் கொண்டுவரும் சீஸை வாங்கிக்கொண்டவள், "மோளே, இதுக்கு எத்தனை லிட்டர் பால்? சொல்லு, எழுதி எடுத்துட்டுப் போறேன்" என்றாள்.

மூன்று வருஷத்துக்கு முன்பே மாயம்மாளின் மாட்டுக்குப் பால் வற்றிவிட்டது. வாடிக்கையை விட மனசில்லாமல், உடைந்த முந்திரியை ஊறவைத்து அரைத்து, எலுமிச்சை பிழிந்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு அதையே கொடுத்துக்கொண்டிருக்கிறாள். சொல்லாமல் அனுப்பினால் அங்கே போய்ப் பாலைக் காய்ச்சி ஏமாந்து நிற்பாளே சேச்சி!

"பாவி நான் ஏமாத்திட்டேன் சேச்சி. அதுல ஒரு சொட்டுப் பால் கிடையாது. அத்தனையும் முந்திரி." கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

"முதல் வாரமே தெரியும். பால் சீஸ் நாக்குல புளிச்சு நிக்கும், இது இனிச்சு முடியும். என் பூனைகூட மோந்து பாத்துட்டுத் திரும்பிப் போயிருச்சு."

"அப்புறம் ஏன் சேச்சி வாங்குனீங்க?"

எஸ்தர் சேச்சி கையிலிருந்த சீஸைத் துண்டு போட்டு, அடுப்பில் கொதித்த கோழிக்கறியில் கொட்டினாள்.

"எங்க யூத மதத்துல இறைச்சியோட பாலைச் சேர்க்கவே கூடாது. சீஸும் அப்படித்தான். அறுபது வயசு வரைக்கும் இந்த ருசி தெரியாமலே கிடந்தேன். பால் இல்லாத உன் பொய்தான் அந்த ருசியைக் காட்டுச்சு" என்று சிரித்தாள். "இப்ப நிஜத்தைச் சொல்லு, முந்திரி எத்தனை கிலோ?"