பாலத்துக்குக் கீழே

கொள்ளிச்சட்டியோடு மகன் முன்னால் நின்றான். மேம்பாலத்தடித் தெருவில் அமரர் ஊர்தி நகர மறுத்தது. "பாலத்தில் குறைந்தபட்ச வேகம் அறுபது" என்றது வண்டியின் திரை.

ஓட்டுநர் மாசிலாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லா வண்டிகளையும் தானாக இயக்கும் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டார். "அம்மா, நான் பாலத்துக்குக் கீழ இருக்கேன். சாவு ஊர்வலம்மா!"

"இல்ல சார், மேலதான் இருக்கீங்க. சாட்டிலைட்ல தெரியுது."

"என் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?" எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, எல்லாரோடும் சேர்ந்து வண்டியைத் தள்ளினார்.

தெருமுனையில் போன் அலறியது. "சார், நீங்க பாலத்துல ஊர்ந்து போறதா காட்டுறதால பின்னாடி வர்ற வண்டியெல்லாம் பாலத்து மேல தானா நின்னுடுச்சு!"

செத்தவரின் மனைவி பவுனம்மாள் போனைப் பிடுங்கினாள். "இருபது வருஷமா இதுக்குக் கீழதான் குடியிருந்தோம். ஒருத்தன் நின்னு எட்டிப் பார்க்கல. இன்னிக்கு நிக்கட்டும்."