தம்பி வந்துச்சா

ஏகநாதன் இன்று கேட்கவில்லை.

சைக்கிளை வேலியோரம் நிறுத்தினான். வராந்தாவில் வழக்கமான ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ரத்தினபாய் காபி கொண்டுவந்து கொடுத்தாள், வாங்கிக்கொண்டான்.

அவள் நாக்கு நுனியில் பதில் தயாராக இருந்தது. கேள்விதான் வரவில்லை.

மற்ற நாளென்றால் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும்போதே கேட்டுவிடுவான். "இன்னாம்மா, தம்பி வந்துச்சா?"

வரலை என்பாள். அத்தோடு அன்றைய விசாரணை முடிந்தது.

தம்பி என்பது அவள் மகன் ஜெபசீலன். காலேஜில் படித்துக்கொண்டிருந்தவன், எமர்ஜென்சியைத் திட்டி நோட்டீஸ் அடித்து, தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் நின்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தான். ஏதோ கல்யாணப் பத்திரிகை கொடுக்கிற மாதிரி சிரித்துக்கொண்டே கொடுத்தானாம். போலீஸ் வந்தபோது புறப்பட்டுக்கொண்டிருந்த ரயிலில் தாவி ஏறினான். அதற்கப்புறம் வீட்டுப் பக்கமே வரவில்லை.

பெற்றவளைப் பார்க்க என்றைக்காவது வராமலா போவான் என்று ஏகநாதனை மஃப்டியில் அந்த வீட்டுக்குக் காவல் போட்டார்கள். மஃப்டி என்று பெயர்தான். சேலையூரில் தவழ்கிற குழந்தைக்குக்கூட அவன் போலீஸ் என்று தெரியும்.

வந்த புதிதில் வீட்டைக் குடைந்தெடுத்தான். டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தான். பைபிளையும் பாட்டுப் புத்தகத்தையும் உதறிப் பார்த்தான். அவன் போனதும் ரத்தினபாய் வீடு முழுக்கத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். அவ்வளவு ஆத்திரம்.

சொந்த ஊரான நாசரேத்திலிருந்து தங்கை எழுதும் கடிதங்கள் பிரித்து ஒட்டப்பட்டு வந்தன. தங்கை எழுதுவதை விட்டுவிட்டாள். டீச்சரம்மா என்று அவளிடம் டியூஷனுக்கு வந்த பிள்ளைகளை அம்மாக்கள் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். சர்ச்சில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் நிறைய இடம் இருந்தது.

பக்கத்து வீட்டு ராஜகோபாலனுக்கு மட்டும் பரம திருப்தி. தெருவில் எந்நேரமும் போலீஸ் இருப்பதால் திருட்டுப் பயம் போயிற்று, நாலு பேருக்கு நல்லதென்றால் ஒரு வீட்டுக்குக் கொஞ்சம் சங்கடம் இருந்தால் என்ன என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மனைவியிடம் சொன்னார். இந்தப் பக்கம் காதில் விழட்டும் என்றுதான் சொன்னார். இப்போதெல்லாம் பித்தளை அண்டாவை அவர்கள் இரவில் வெளியிலேயே விட்டு வைக்கிறார்கள். அந்த மனிதருக்கு ரத்தினபாயிடம் ஒரு வார்த்தை பேசத்தான் துணிச்சல் இல்லை.

ஆக, பேச்சுக்கு என்று அவளுக்கு மிஞ்சியவன் ஏகநாதன் ஒருவன்தான். சிரிப்பாகத்தான் இருந்தது. வந்தவனுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று இருந்தவள், மழைக்காலத்தில் ஒரு நாள் காபி கொடுத்தாள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அந்த வீட்டில் கழுவிக் கவிழ்க்க இரண்டாவதாக ஒரு டம்ளர் இருந்தது.

காபியைக் குடித்துவிட்டு, "வரேம்மா" என்று சொல்லிப் போவான்.

அந்தச் சொல்லுக்காகவே காபி கொடுத்தாள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவள் கணவர் ஜீவரத்தினம் இறந்த அன்று வீடு கொள்ளாத கூட்டம். துக்க வீட்டில் வரேன் என்று சொல்லக் கூடாதே, அதனால் ஒவ்வொருவராகச் சொல்லாமல் எழுந்து போனார்கள். அதற்கப்புறம் கொஞ்ச நாள் மகன் சொன்னான். அவனும் போனபின் அந்தச் சொல்லை அந்த வாசலில் சொல்ல வேறு ஆளில்லை.

ஜெபத்தில் கர்த்தரிடம் இரண்டு கேட்டாள். என் பிள்ளை இவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாது. இவர்கள் தேடுவதும் நின்றுவிடக் கூடாது. தேடுகிறவரைக்கும் அவன் எங்கோ உயிரோடு இருக்கிறான். ஒன்றோடொன்று இடிக்கிற வேண்டுதல்தான். அது கர்த்தர் பாடு என்று விட்டுவிட்டாள்.

இன்று ஏகநாதன் காபியை வெகு நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தான். சுவரில் மாட்டியிருந்த மகனின் போட்டோ பக்கம் பார்வை போகாமல் தரையையே பார்த்தான்.

அவளால் பொறுக்க முடியவில்லை. கேட்காத கேள்விக்குத் தானாகவே பதில் சொன்னாள்.

"இன்னைக்கும் வரலை."

"தெரியும்மா" என்றான்.

ஒரே மூச்சில் காபியைக் குடித்தான். முற்றத்துக் குழாயடிக்குப் போய் டம்ளரைத் தானே கழுவினான். இத்தனை நாளில் அவன் அப்படிச் செய்ததில்லை. கொண்டுவந்து ஸ்டூல்மேல் கவிழ்த்து வைத்தான். அது சரிந்து உருண்டது, பிடித்து நிறுத்தினான்.

பிறகு படியிறங்கினான். வேலிப் படலைத் திறந்தான். சைக்கிளில் கை வைத்தான்.

"வரேம்மா" வரவில்லை.

ரத்தினபாய் வாசலுக்கு வந்தாள். கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஏகநாதன்." அவனைப் பெயர் சொல்லி அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "வரேன்னு சொல்லிட்டுப் போங்க."

அவன் சைக்கிளைப் பிடித்தபடி அங்கேயே நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை.