பிளைவுட் குருநாதர்

“மூச்சை நல்லா உள்ளே இழுங்க... பிடிங்க... ம், விடலாம்.”

குரல் பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. பார்சல் அலுவலகத்தின் புகார் மேசையில், போனைக் காதில் வைத்தபடியே குக்கர் மூச்சை இழுத்தார், பிடித்தார், விட்டார்.

போனில் செருப்புக் கடைக்காரர் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார். “இடது கால் பெட்டி வந்து ஒரு வாரமாச்சு. வலது கால் பெட்டி எங்கய்யா? என் கடைக்கு வர்றவங்க எல்லாம் ஒத்தைக் கால்ல குதிச்சுக்கிட்டா போவாங்க? எனக்கு நஷ்ட ஈடு வேணும். மன்னிப்புக் கடிதம் வேணும். கையெழுத்தோட வேணும்!”

குக்கர் என்பது அலுவலகம் வைத்த பெயர். அழுத்தம் ஏறினால் அவரால் அடக்க முடியாது. “உங்க பார்சலை நானா தின்னுட்டேன்?” என்று ஒரு வாடிக்கையாளரைக் கேட்டது முதல் விசில். பேசிக்கொண்டிருந்த போனைக் குப்பைக்கூடையில் போட்டு மூடியது இரண்டாவது. இரண்டுக்கும் மெமோ வந்தது.

“இன்னொரு விசில் கேட்டுச்சு, அடுப்பையே அணைச்சிடுவேன். வீட்டுக்குப் போய்க் கத்திக்க வேண்டியதுதான்,” என்று மேலாளர் சொல்லிவிட்டார். வீட்டில் கத்த முடியாது. அங்கே மனைவி இருக்கிறாள்.

நல்லவேளையாக அப்போதுதான் பக்கத்து இடத்துக்கு யாரோ புதிதாக வந்தார்கள். வாசல் பின் தெருவில் இருந்தது. யாரென்று போய்ப் பார்க்க இங்கே எவருக்கும் நேரமில்லை. மூச்சுப் பயிற்சி என்பது மட்டும் முதல் நாளே காதில் விழுந்துவிட்டது. ஓசியில் கிடைப்பதை விடுவானேன் என்று குக்கரும் சேர்ந்துகொண்டார்.

கூட்டம் கூட்டிக் காசு பார்க்கிற ஆசாமியாகத் தெரியவில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தார். ஒருநாள், “கழுத்துல கிடக்கிற சங்கிலியெல்லாம் கழட்டி வச்சுட்டு வாங்க,” என்பதும் கேட்டது. ஆசையை விடச் சொல்கிறார், சாதாரண ஆள் இல்லை என்று குக்கர் தடுப்பைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார்.

“என்னய்யா, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேன், தூங்கறியா?” என்றார் செருப்புக் கடைக்காரர்.

விசில் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தடுப்புக்கு அப்பால், “இழுங்க... பிடிங்க...” என்றது குரல். குக்கர் பிடித்தார்.

“விடலாம்” வரவில்லை. யாரோ குறுக்கே பேச்சுக் கொடுத்திருக்க வேண்டும். குருநாதர் சொல்லாமல் நல்ல சீடர் விடுவாரா? குக்கருக்குக் காது சிவந்தது, கண் பிதுங்கியது.

“சார்? லைன்ல இருக்கீங்களா?” கடைக்காரரின் சத்தம் இறங்கியது. எதிராளி வாயைத் திறக்கவில்லையென்றால் தாமே இறங்கி வருவது கடைவீதியில் வளர்ந்தவர்களின் ரத்தத்தில் ஊறியது. “சரி, நஷ்ட ஈடு வேணாம்.”

குக்கர் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“கடிதமும் வேணாம் சார். ரொம்பப் பிடிவாதக்காரரா இருக்கீங்களே! பெட்டியை மட்டும் கண்டுபிடிச்சு அனுப்பிடுங்க. புண்ணியமாப் போகும்.”

“ம், விடலாம்,” என்றது சுவர்.

“அனுப்பிடறேன் சார்!” என்று குக்கர் போனை வைத்துவிட்டு மேசை மேல் சாய்ந்தார்.

பின்னால் மேலாளர் நின்றுகொண்டிருந்தார். “அந்தச் செருப்புக் கடையா? என்னையே அழவச்ச ஆளாச்சே! என்னய்யா சொக்குப்பொடி போட்டே?”

குக்கர் எல்லாவற்றையும் சொன்னார். மேலாளர் தடுப்பையே வெறித்துப் பார்த்தார்.

“நாளைக்குத் தலைமை ஆபீஸ்லேருந்து வர்றாங்க. ஆளுங்களுக்கு மன அமைதிப் பயிற்சி குடுத்தாச்சான்னு கேட்டு என் அமைதியைக் கெடுக்கறாங்க. உன் குருநாதரை நாளைக்கு இங்கே வரவச்சிடு, ரெண்டு மெமோவையும் உன் கண்ணு முன்னாடி கிழிச்சிடறேன். கதை விட்டேன்னு தெரிஞ்சுது, அதுக்கே மூணாவது விசில்!”

“பெரியவங்க நீங்களும் வந்து கூப்பிட்டாத்தான் சார் மரியாதை.”

பின் தெருவைச் சுற்றிக்கொண்டு போக மேலாளருக்குப் பொறுமையில்லை. சந்திலிருந்த பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு இருவரும் நுழைந்தார்கள். குறுகலான வழியில் நீள பெஞ்சு; அதில் ஏழெட்டுப் பேர் உம்மென்று உட்கார்ந்திருந்தார்கள்.

“என்னய்யா இது? அமைதி தேடி வந்த மூஞ்சியா ஒண்ணுகூடத் தெரியலையே!”

“இன்னும் முறை வரலை சார். உள்ளே போயிட்டு வந்தா தெளிஞ்சிடும்.”

உள்கதவு படாரென்று திறந்தது. வெள்ளை உடையில் ஒருவர் வெளியே வந்தார். அதே குரல்தான், ஆனால் எரிந்து விழுந்தது. “பிடிங்கன்னா விடறாங்க, விடுங்கன்னா பிடிக்கறாங்க! காலையிலேருந்து கத்திக் கத்தி எனக்குத்தான் மூச்சு முட்டுது!”

மேலாளர் ஓர் அடி பின்வாங்கினார். “குருநாதரே கத்தறாரே?”

“உரிமையுள்ள இடத்துல கோபம் வரும் சார்,” என்று கிசுகிசுத்துவிட்டு, குக்கர் கைகூப்பிக்கொண்டு முன்னால் போனார். “சாமி, உங்க மூச்சாலதான் என் வேலையே நிலைச்சிருக்கு. நாளைக்கு எங்க ஆபீஸ்ல வந்து எல்லாருக்கும் ஒரு தடவை...”

வெள்ளை உடைக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். குக்கரைப் பார்த்தார், மேலாளரைப் பார்த்தார், பெஞ்சிலிருந்த கூட்டத்தைப் பார்த்து அலுத்துக்கொண்டார்.

“உங்க ரெண்டு பேர்ல எக்ஸ்ரே யாருக்கு?”